சமஷ்டி வலையும் அதன் காவலரும்

கணினியைப் பற்றித் தமிழிற் பேச முற்பட்டோர் ஆக்கித் தந்த கலைச்சொற்களுள் 'வழங்கி' என்பது பொருட்செறிவு மிக்கதொன்று. பிறிதோரிடத்திலிருந்து கேட்போருக்குத் தகவலை எடுத்து அனுப்பும் கணினிக்கு இடப்பட்ட பெயர் அது. வழங்குதல் என்னும் வினை தமிழிற் கொடையோடு தொடர்புடையது. வழங்குபவர் ஒருவர் உண்டெனின் அவருக்கொரு கையும், களஞ்சியமும், என்றோ ஒருநாள் வெறுமையாகக்கூடிய பணப்பையும் உண்டு. ஆயினும் இணையத்தை நாள்தோறும் கையாள்வோருட் பெரும்பாலார் இவ்வழங்கியைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. முகநூலிற் படமொன்றை இடுபவர் அதனை 'இணையத்தில்' இட்டதாகவே கருதுகின்றார். ஒரு கம்பனியின் கட்டடத்தில், அக்கம்பனிக்குச் சொந்தமான இயந்திரத்தில், அக்கம்பனி விரும்பும் காலம் வரைக்கும் இட்டதாகக் கருதுவதில்லை. இவ்வெண்ணத்தைச் சற்றே கலைத்த பெருமை 2022ஆம் ஆண்டின் இறுதி மாதங்களுக்கு உரியது.

அவ்வாண்டு ஒக்ரோபர் 27ஆந் திகதி ஈலோன் மஸ்க் 44 பில்லியன் டொலர் கொடுத்து ருவிற்றர் நிறுவனத்தை வாங்கினார். அடுத்த சில நாள்களுள் ஊழியருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் நீக்கப்பட்டனர். பல்லாண்டுகளாக அங்குப் பேசிப் பழகியோர், தாம் இருந்த இடம் பொது மண்டபமன்று, கைமாறிவிட்ட வீடொன்றின் விறாந்தையே என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் மஸ்ரடொன் என்னும் வேறொரு வலையமைப்பை நாடினர். ஏறத்தாழ 3 இலட்சமாயிருந்த அதன் மாதாந்தப் பயனர் தொகை சில கிழமைகளுள் 25 இலட்சத்தை எட்டியது. திசெம்பர் 18ஆந் திகதி, மஸ்ரடொன் முதலிய பிற இடங்களிலுள்ள தம் கணக்குகளைப் பயனர் விளம்பரப்படுத்தலாகாது என்று ருவிற்றர் விதியொன்றை வெளியிட்டதும், எதிர்ப்பெழவே உடனேயே அதனைக் கைவிட்டதும் அக்காலத்திற் கண்ட கூத்துகளுள் ஒன்று. வாடகைக்கு இருந்தவர் அடுத்த வீட்டு முகவரியை வாயில் திறந்து சொல்லவுங்கூடாதென்றால் அது எத்தகைய குடியிருப்பு?

புதிதாய் வந்தோரை வாயிலிலேயே ஒரு கேள்வி மறித்தது. 'எந்த வழங்கி?' என்பதே அது. முகநூலிற் சேருபவரிடம் எவரும் அவ்வாறு கேட்பதில்லை. மஸ்ரடொன் என்பது ஒரு கம்பனியின் தளமன்று. அது ஒரு மென்பொருள். ஜேர்மனியைச் சேர்ந்த ஓய்கன் றொஹ்கோ என்னும் இளைஞர் 2016இல் அதனை வெளியிட்டார். எவரும் அதனை இலவசமாகப் பெற்றுத் தமது வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். இவ்வாறு ஓர் ஊரார், ஒரு மொழியார், ஒரு துறையார் எனப் பலரும் நிறுவிய ஆயிரக்கணக்கான வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. யாழ்ப்பாணத்திலிருக்கும் ஒருவர் ஜேர்மனிய வழங்கியொன்றிற் கணக்கு வைத்திருக்கலாம். அவர் எழுதுவதைத் தொரன்ரோவிலிருக்கும் இன்னொருவர் கனடிய வழங்கியொன்றிலிருந்து தொடரலாம். ஒருவரை எவரெவர் தொடர்கின்றனரோ அவரவர் வழங்கிக்கெல்லாம் அவர் எழுத்தின் பிரதியொன்று சென்று சேரும். மின்னஞ்சல் இவ்வாறுதான் நெடுங்காலமாக இயங்கி வருகின்றது. மின்னஞ்சல் முகவரியைப் போலவே இங்கும் பெயர் இரு பகுதிகளையுடையது: ஆளின் பெயர் ஒன்று, அவர் வாழும் வழங்கியின் பெயர் மற்றொன்று. இவை பேசிக்கொள்வதற்கு வேண்டிய பொது நெறிமுறையாகிய அக்றிவிற்றிபப் 2018 சனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பினால் நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. விளம்பரம் இல்லை, எதனை முதலிற் காட்டுவதென்று கம்பனியின் கணக்குத் தீர்மானிப்பதில்லை, எழுதப்பட்ட கால ஒழுங்கிலேயே எழுத்துகள் வந்து சேர்கின்றன.

இவ்வழங்கிகளின் தொகுதியை ஆங்கிலத்திலே 'பெடிவேர்ஸ்' என்பர். 'பெடரேற்றட்', 'யுனிவேர்ஸ்' என்னும் இரு சொற்கள் புணர்ந்து பிறந்த சொல் இது. இலங்கைத் தமிழில் இதனை எவ்வாறு வழங்குவது? 'சமஷ்டி' என்பதே இங்கு நிலைபெற்ற சொல். ஆனால் 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அக்கருத்தை முன்வைத்த காலந்தொட்டும், 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றிய காலந்தொட்டும் அச்சொல் சுமந்து வந்துள்ள பாரம் சாதாரணமானதன்று. கணினி வழங்கிகளுக்கிடையிலேனும் ஒரு சமஷ்டி இந்நாட்டிற் சச்சரவின்றி அமையுமாயின் நன்று என்று எண்ணத் தோன்றுகின்றது.

ஒப்புமை அத்துடன் முடிவடைகின்றது என்பதும் மனங்கொள்ளற்பாலது. அரசியலிற் சமஷ்டி என்பது எழுதப்பட்ட யாப்பினால் ஆவது; அலகுகளுக்கிடையே பிணக்கு எழுமாயின் தீர்ப்பதற்கு ஒரு நீதிமன்றம் இருக்கும். இங்கு யாப்புமில்லை, நீதிமன்றமுமில்லை. ஒரு வழங்கியின் பொறுப்பாளர் விரும்பினால் இன்னொரு வழங்கியோடு உறவை முற்றாகத் துண்டித்துவிடலாம். 2019இல் தீவிர வலதுசாரிகள் கூடும் காப் என்னும் தளம் மஸ்ரடொன் மென்பொருளைத் தனதாக்கிக்கொண்டு இவ்வலைக்குள் நுழைந்தபோது, மேலிருந்து எவரும் ஆணையிடாமலே மிகப் பல வழங்கிகள் அதனைத் தத்தம் எல்லையில் மறித்துவிட்டன. மென்பொருள் அனைவர்க்கும் உரியதாகையால் அதனைப் பயன்படுத்தாதே என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் உன்னோடு பேசமாட்டோம் என்று சொல்ல முடிந்தது. ஊர்விலக்குப் போன்றதொரு வழக்கம் இது. ஊர்விலக்கின் நன்மை தீமை இரண்டும் இதற்கு உண்டு. இரு வழங்கிப் பொறுப்பாளர் தம்முள் மனஸ்தாபப்பட்ட காரணத்தால், அவர்களை அறியாத நூறு பேரின் நட்புகள் ஓரிரவில் அறுந்துபோவதும் இங்கு நிகழக்கூடியதே.

இவ்வமைப்பைப் புதுமை என்று கொண்டாடுவோர் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது தகும். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மாணவரான ரொம் ற்றஸ்கொற், ஜிம் எலிஸ் ஆகிய இருவர் திட்டமிட்டு, 1980இல் இயங்கத் தொடங்கிய யூஸ்நெற் மையமற்றதாகவே பிறந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக் கணினி தொலைபேசிக் கம்பி வழியே மற்றொன்றை அழைத்து, புதிதாய் வந்த எழுத்துகளைப் பரிமாறிக்கொள்ளும். அதிலே தமிழ்ப் பண்பாட்டுக்கென ஒரு குழுவும் இலங்கைக்கென ஒரு குழுவும் இருந்தன. தமிழெழுத்து அங்குச் செல்லாத காலமாகையால் ரோமன் எழுத்திலே தமிழை எழுதிச் சண்டையிட்டோர் பலர். அவ்வுரையாடல்கள் இன்று எங்கே? எல்லா வழங்கிகளிலும் பிரதி இருந்தது. எந்த வழங்கியும் அதனை என்றென்றைக்கும் காக்கும் பொறுப்பை ஏற்றிருக்கவில்லை. 1995இல் தொடங்கிய டெஜா நியூஸ் என்னும் நிறுவனம் அவற்றைச் சேமித்தது. அச்சேமிப்பை 2001இல் கூகிள் வாங்கியது. 2024 பெப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெற் எழுத்துகளை ஏற்பதைக் கூகிள் நிறுத்திக்கொண்டது. மையமற்று வாழ்ந்த ஒன்றின் நினைவு ஈற்றில் ஒரே கம்பனியின் பெட்டகத்தில் அடங்கிய கதை இது.

தமிழைப் பொறுத்தவரை இக்காலத்து உரையாடல்கள் வெறும் பொழுதுபோக்காக முடியவில்லை. 1990களிலே தமிழ் எழுத்துரு ஆக்கிய ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்தனர். ஒருவர் எழுதியதை மற்றொருவரின் கணினி காட்டும்போது அது பொருளற்ற குறிகளின் குவியலாயிற்று. யுனிக்கோட்டில் 1991ஆம் ஆண்டிலிருந்தே தமிழுக்கு இடமிருந்தபோதிலும் அதனைக் காட்டவல்ல கணினிகள் சாதாரண மக்கள் கைக்கு வர மேலும் பல்லாண்டு சென்றது. இடைப்பட்ட காலத்திற்கென, பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர் மின்னஞ்சற் குழுக்களிலே மாதக்கணக்காக விவாதித்துத் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினர். எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது, கிரந்த எழுத்துகளுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்றெல்லாம் அவர்கள் வாதிட்டனர். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வெளியிட்டதற்கும் இதே தொண்டர் உழைப்பே துணையாயிற்று. சம்பளம் பெற்றுச் செய்தவர் எவருமிலர். நாளாந்தத் தொழினுட்பம் பற்றிய பேச்சை அற்பமெனத் தள்ளுவோர் இவ்வுதாரணத்தைச் சிந்தித்தல் வேண்டும்.

ஏனெனில் மஸ்ரடொன் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது, அங்குள்ளோர் எந்நேரமும் கணினியைப் பற்றியே பேசுகின்றனர் என்பது. அது பெரிதும் உண்மையே. முதலில் அங்குக் குடியேறியோர் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் கணினிப் பாதுகாப்புத் துறையினருமாவர். அவர்கள் பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் இடுவதையும், அச்சுப்பொறி மையை விற்பதற்கு நிறுவனங்கள் செய்யும் தந்திரங்களையும், வீங்கிப்போன கைத்தொலைபேசிப் பற்றரியைக் கழற்றும் முறையையும் சலியாது பேசுவர். இலக்கியம் தேடிச் செல்பவருக்கு அது சைக்கிள் திருத்தும் கடையிற் கவியரங்கு தேடிய கதையாகவே முடியும். ஆனால் சைக்கிள் திருத்தும் கடையிலும் கற்பதற்கு உண்டு. ஆளுக்காள் கையிற் கொண்டு திரியும் கருவியின் உள்ளே என்ன நடக்கின்றதென அறியாதவர், அக்கருவியை விற்றவன் சொல்வதை நம்புவதன்றி வேறு வழியற்றவர் ஆகின்றார்.

இவ்விடத்துக் கலைப்பீடத்து மாணவி ஒருத்தியின் அனுபவம் கூறத்தக்கது. 2023இல் அவள் தனது ஆய்வுக்கட்டுரைக்கென முன்னைய மாணவர் சிலரின் கட்டுரைகளை மின்பிரதியாகப் பெற்றாள். திரையில் அவை அழகிய தமிழாகத் தெரிந்தன. ஒரு பந்தியை எடுத்துத் தன் கட்டுரையில் மேற்கோளாக ஒட்டியபோதோ, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையொன்று வந்து விழுந்தது. வேறொரு பிரதியில் எழுத்துகள் தமிழாகவே வந்தன. ஆனால் கொம்புகள் எல்லாம் இடம்மாறி நின்றன. தட்டெழுத்தும் நிழற்பிரதியும் எடுத்துக்கொடுக்கும் கொமினிகேசன் கடைக்காரரைக் கேட்டாள். "அது அப்பிடித்தான் தங்கச்சி, திருப்பித்தான் அடிக்க வேணும்" என்றார் அவர். பக்கக் கணக்கிற் கூலி பெறுபவருக்கு அது நியாயமான விடையே. அவள் தான் சேர்ந்திருந்த சிறியதொரு வழங்கியிலே இவ்வினாவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தாள்.

மூன்று நாளுக்குள் மூன்று வேறு வழங்கிகளிலிருந்து விடைகள் வந்தன. முதலாமவர் விளக்கியது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பற்றி. அவற்றிலே கணினி சேமிப்பது தமிழையன்று, ஆங்கில எழுத்துகளையே. ஆங்கில எழுத்தின் உருவத்திற்குப் பதிலாகத் தமிழெழுத்தின் உருவம் வரையப்பட்டிருப்பதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகின்றது. பாமினியை யுனிக்கோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கும் என்றும் அவர் கூறினார். இரண்டாமவர், யுனிக்கோட்டில் எழுதப்பட்டதாயினும் மின்பிரதியாக்கும்போது எழுத்துருவங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதியப்படுவதுண்டு என்றார். 'கெ' என்பதில் ககரம் முதலும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்பட வேண்டியிருக்க, தாளிற் கொம்பு முன்னே நிற்பதால் பிரதியிலும் அது முன்னே வந்துவிடுகின்றது. மூன்றாமவர் விளக்கம் எதுவும் தரவில்லை. மின்பிரதியோடு மூலக் கோப்பையும் நூலகத்திற் கையளிக்குமாறு பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள் என்று மட்டும் எழுதினார். மூவருள் மிகப் பயனுள்ளதைக் கூறியவர் இவரே எனலாம். மாணவி முதலிரு விளக்கங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொமினிகேசன் கடைக்காரரிடம் கொடுத்தாள். சிலநாட் கழித்து அத்தாள் அவரது கணினிக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது.

அவ்வழங்கி அடுத்த ஆண்டில் மூடப்பட்டது. அதனை நடத்தியவர் முன்கூட்டியே அறிவித்து, பயனர் வேறிடம் செல்லக் காலமும் கொடுத்தார், குறை கூறுவதற்கில்லை. மஸ்ரடொனிலே ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்பவர் தம்மைத் தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம். ஆனால் அவர் எழுதியவை உடன் செல்வதில்லை. மேலும், முறைப்படி மூடப்படும் வழங்கியானது பிற வழங்கிகளிற் பரவியுள்ள தன் பிரதிகளையும் அழித்துவிடுமாறு அறிவித்தே மூடும். ஆகவே அம்மூவரின் விடைகள் அவரவர் வழங்கிகளில் எஞ்சி நிற்க, மாணவியின் கேள்வி மட்டும் மறைந்துபோயிற்று.

வாய்வழி அறிவுக்கு இக்கதி புதிதன்று. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குட்பட்டு, மின்சாரமும் பெற்றோலும் இன்றித் தவித்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கவும், சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டவும் மக்கள் கற்றுக்கொண்டனர். எந்தக் கம்பனியும் எந்த நூலும் அதனைக் கற்பிக்கவில்லை. ஒழுங்கை வழியே, கடை வழியே, ஒருவர் சொல்ல மற்றவர் செய்துபார்த்துத் திருத்திப் பரவிய அறிவு அது. மையமற்ற வலைக்கு அதனினும் சிறந்த உதாரணம் காண்பதரிது. ஆயினும் டைனமோவின் எந்தக் கம்பியை எங்கே தொடுப்பது, எவ்வேகத்தில் மிதித்தால் வானொலி பழுதாகாது என்பனபோன்ற நுணுக்கங்களை இன்று அறிய விரும்புபவர், அக்காலத்தவரைத் தேடிச் சென்றே கேட்க வேண்டியுள்ளது. பரவுதல் வேறு, நிலைத்தல் வேறு.

நிலைத்தலுக்குக் காவலர் வேண்டும். இக்காவலரின் பணி எத்தகையது? மாத வாடகை, ஆண்டுக்கொருமுறை பெயர்ப்பதிவுக் கட்டணம் என்பன தெரிந்த செலவுகள். தெரியாத செலவுகள் வேறு. தன் பயனர் தொடரும் பிற வழங்கியாரின் படங்களையெல்லாம் சிறிதுகாலமேனும் தன்னிடத்திற் பிரதிசெய்து வைக்கவேண்டியிருப்பதால், சிறு வழங்கிக்கும் வட்டு விரைவில் நிரம்பிவிடும். பலராலே தொடரப்படும் ஒருவர் ஏதேனுமொரு தளத்தின் முகவரியை எழுதினால், ஆயிரக்கணக்கான வழங்கிகள் ஒரே நேரத்தில் அத்தளத்தின் முன்தோற்றத்தைக் கேட்டுப் படையெடுக்கும்; ஏழைத் தளம் மூச்சடைத்து நின்றுவிடும். ஒருவரையொருவர் தூற்றியதாக நள்ளிரவில் முறைப்பாடு வரும். காண ஒண்ணாத படங்களைக் கண்டே அழிக்கவேண்டி வரும். பெரிய கம்பனிகள் இவ்வேலைக்குக் கூலியாட்களை வைத்துள்ளன. இங்கோ பகலில் வேறு தொழில் பார்ப்பவர் இரவில் இதனைச் செய்கின்றார்.

2022 நவம்பரிலே ஹக்கிடேர்ம் என்னும் வழங்கிக்கு நேர்ந்ததைக் கூறலாம். கிறிஸ் நோவா என்னும் அமெரிக்கக் கணினியியலாளர் தமது வீட்டு நிலவறையிலே நடத்தி வந்த அவ்வழங்கி, சில நூறு பேரிலிருந்து ஒரே மாதத்தில் ஏறத்தாழ 30,000 பேராகப் பெருகிற்று. வட்டுகள் பழுதாயின, படங்கள் வரத் தாமதித்தன, தொண்டர்கள் கூடி அதனை நிலவறையிலிருந்து வெளியே கொண்டுசென்றனர். 2023 ஓகஸ்ரில் மலையேற்ற விபத்தொன்றில் கிறிஸ் நோவா காலமானார். வழங்கி மூடப்படவில்லை. அதற்கு முன்னரே அதனைப் பேணுவதற்கென இலாபநோக்கற்ற அமைப்பொன்றை அவரும் நண்பரும் தோற்றுவித்திருந்தனர். இதற்கு நேர்மாறாக, 2017 முதல் தொழினுட்ப ஆர்வலர் பலருக்கு வீடாயிருந்த மற்றொரு பெரிய வழங்கி, அதன் ஒரே பொறுப்பாளருக்குக் குடும்பத்தில் நேர்ந்த சுகவீனங் காரணமாக 2022 இறுதியில் மூடப்பட்டது. வாசலில் ஆயிரக்கணக்கானோர் புதிதாய் வந்து நின்ற அதே மாதங்களிலேதான் இது நிகழ்ந்தது. இன்னுமொன்று: ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீட்டைக் கொண்ட முகவரியில், பாற்புதுமையினருக்கென இயங்கிய வழங்கியொன்றின் பெயர்ப்பதிவைத் தலிபான் அரசின் கீழுள்ள அமைச்சு 2024 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. மையமில்லை என்று சொல்லிக்கொள்ளும் வலையும் பெயருக்காக ஓர் அரசின் கதவைத் தட்டவேண்டியுள்ளது.

சோம்பலும் மையத்தையே நாடுகின்றது. 'எந்த வழங்கி' என்னும் கேள்வியால் மிரண்டோரைத் தக்கவைக்கும் நோக்கோடு, 2023 மே மாதத்திலிருந்து மஸ்ரடொன் செயலி புதியவரைத் தன் சொந்தப் பெருவழங்கிக்கே முதலில் அழைத்துச் செல்கின்றது. றொஹ்கோ தாமே பல்லாண்டு தாங்கிய தலைமைப் பொறுப்பை 2025 நவம்பரில் துறந்து, அதனை இலாபநோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தார். வந்தோருட் பலர் ஏற்கெனவே திரும்பிவிட்டனர். 25 இலட்சம் என்ற தொகை பின்னர் அரைவாசிக்கும் கீழே இறங்கியது. புளூஸ்கை என்னும் மற்றொரு வலையமைப்பும் பரவலாக்கலைக் கொள்கையாகக் கூறுகின்றது. அங்குள்ளோரில் மிகப் பெரும்பாலோரின் கணக்குகள் அக்கம்பனியின் வழங்கிகளிலேயே உள்ளன. கொள்கை ஒருபுறம், வசதி மறுபுறம்.

அப்படியாயின் இவ்வளவு தொல்லைக்குட்படுவது எதற்கு? 2018 மார்ச்சில் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்செயல் மூண்டபோது, முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்ரகிராம் ஆகியன இலங்கையில் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரிலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரில் 3ஆந் திகதி மக்கள் போராட்டத்தின்போதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஊரார் எல்லோரும் நாலைந்து கட்டடங்களிலேயே கூடியிருந்தமையால் நாலைந்து பூட்டுகள் போதுமாயிருந்தன. அதனினும் முக்கியமானது பூட்டுக்கு முந்திய நிலை. சிங்களத்திற் பரவிய வெறுப்புரைகளை அம்மொழி அறிந்து விரைந்து அகற்றுவதற்குப் போதிய ஏற்பாடு முகநூல் நிறுவனத்திடம் இருக்கவில்லை. தன் தளம் அவ்வன்செயலில் வகித்த பங்குக்காக 2020 மே மாதத்தில் அது மன்னிப்புக் கோரியது. கலிபோர்னியாவில் அமர்ந்திருப்பவருக்கு, எந்தச் சொல் கேலி, எந்தச் சொல் கத்தி என்பது அகராதியாற் புலப்படாது. வெலிகமையிலோ வவுனியாவிலோ உள்ள சிறு வழங்கியின் பொறுப்பாளருக்கு அது கேட்டமாத்திரத்தில் விளங்கும். சமஷ்டி வலையின் மெய்யான வலிமை இங்கேயே உள்ளது. விளம்பரமின்மையும் கால ஒழுங்கும் இதன்பின் வருவனவே. ஆனால் அதே காரணத்தால் அப்பொறுப்பாளர் ஊரறிந்தவர். அவர் வீடும் ஊரறிந்தது. எந்தச் சொல்லை அகற்றினார், எதனை விட்டுவைத்தார் என்பதற்குக் கலிபோர்னியாக்காரரிடம் கேட்க முடியாத கணக்கை அவரிடம் படலையடியில் வந்தே கேட்பர்.

தமிழிலே சமஷ்டி வலையில் எழுதுவோர் இன்று மிகச் சிலர். நாளாந்தக் கருவிகளைப் பற்றித் தமிழில் நிகழும் பேச்சு பெரும்பாலும் முகநூற் குழுக்களிலும், யூரியூப் காணொளிகளின் அடியிலும், வட்ஸ்அப்பிலும் புதைந்து கிடக்கின்றது. பாமினிக் கேள்வி அங்கும் நூறுமுறை கேட்கப்பட்டிருக்கும். தேடி எடுக்க வழியில்லாமையால் நூற்றோராவது முறையும் கேட்கப்படும். இதற்கெனத் தமிழ் வழங்கியொன்றை நிறுவுவதாயின் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்று அதற்கு ஏற்ற இடம் என்று தோன்றலாம். இயந்திரத்திற்கு அதிக பணம் வேண்டியதில்லை. ஆண்டு மலருக்கு விளம்பரம் சேர்ப்பதுபோற் சேர்த்துவிடலாம். நிறுவுவதற்குக் கணினித்துறை மாணவர் இருவர் போதும். முறைப்பாடுகளைப் பார்ப்பதற்கு மூவர், அவர்களுள் ஒருவரேனும் முஸ்லிம் மாணவராகவும் ஒருவரேனும் மலையகத்தவராகவும் இருப்பது நல்லது. கட்டுரைகளைப் போலன்றி எழுதியவரின் கேள்வியும் விடையும் ஒருங்கே எஞ்சும்படி, ஆண்டுக்கொருமுறை எல்லாவற்றையும் பிரதியெடுத்து நூலகத்திற் கையளிக்கவும் ஒருவர் வேண்டும்.

கடினமானது இவற்றின் பின்னரே வருகின்றது. சங்கத்தின் செயற்குழு ஆண்டுதோறும் மாறுகின்றது. நாலாம் வருடத்தார் பரீட்சை முடித்து ஊர் செல்கையில் சங்கத்தின் முகநூற் பக்கத்துக் கடவுச்சொல்லும் அவர்களோடு சென்றுவிடுவதும், புதிய குழு அதே பெயரில் மற்றொரு பக்கம் தொடங்குவதும், இரு பக்கங்களிலும் ஒரே விழாவின் வேறு வேறு திகதி காணப்படுவதும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடவாததன்று. முகநூற் பக்கம் அநாதையானால் ஒரு பழைய படமும் நாலு வாழ்த்தும் மட்டுமே அநாதையாகும். வழங்கி அநாதையானால் அதனுள் வாழும் பிறர் அனைவரும் அநாதையாவர். ஆகவே யாப்பில் ஒரு வாசகம் சேர்க்கப்பட வேண்டியிருக்கும்: பொருளாளர் வங்கிப் புத்தகத்தையும் நூலகர் திறப்புக் கோர்வையையும் கையளிக்கும் அதே பொதுக்கூட்டத்தில், வழங்கியின் கடவுச்சொற்களும் பெயர்ப்பதிவின் புதுப்பிப்புத் திகதியும் எழுதிய உறையொன்று, பொறுப்பாசிரியர் முன்னிலையிற் கைமாற வேண்டும் என்று.